கட்டுப்பாட்டு ஊர்

டேப்பின் முதல் திரையில் ஊருக்குப் பெயர் கிடையாது.
எண் முப்பத்தொன்று. பக்கத்தில் ஒரு ‘க’.
கல்லேரித்தாங்கலுக்குத்தான் அந்த ‘க’ என்று
கெங்கம்மா நினைத்திருந்தாள்
நான் வாயை விடும்வரை.

குடியாத்தத்திலிருந்து ஒன்பதேகால் பஸ்.
தவறினால் கௌண்டன்ய ஆற்று மணலில் இறங்கி
ஒரு மணி நேரம் நடை.
வீட்டுக்கு இருநூற்று இருபது ரூபாய் எனக்கு.
பூட்டிய வீட்டுக்கு ஒன்றுமில்லை.
தெருமுனையில் நின்று
முதலில் பூட்டுகளைத்தான் எண்ணுவேன்.

முறத்தை மடியிலிருந்து இறக்காமலே பதில் சொல்கிறாள்.
கேள்விக்கு நாலு பீடி.
கடன் பகுதி முடிவதற்குள் ஒரு கட்டுக்கு மேல் சுற்றிவிடுவாள்.
ஆயிரத்துக்கு என்று ஏஜெண்ட் நிறுத்துத் தரும் இலை
தொள்ளாயிரத்துக்குத்தான் இழுக்கும்.
மீதி நூறுக்கு இவளே காசு போட்டு வாங்குகிறாள்.
கழிவு என்று அவன் தள்ளிய கட்டுகளுக்குக் கூலி இல்லை,
கட்டுகளும் திரும்பி வருவதில்லை.
இதை எங்கே பதிவது என்று தேடினேன்.
‘உற்பத்திச் செலவு’ என்று ஒரு பெட்டி இருக்கிறது.
கூலிக்காரர் என்று முன்பே அழுத்திவிட்டால்
அது சாம்பல் நிறமாகி
விரலுக்கு அசையாது.

“மேலண்ட ஊர்ல பொம்பளைங்க அக்கவுண்ட்டுல
பத்தாயிரம் ஏறுதாமே. எங்களுக்கு இன்னா?”

காட்பாடி ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி.
இதற்கு விடை ‘எனக்குத் தெரியாது’.
நான் எம்.ஏ. பொருளாதாரம். தெரியும்.
“இது கட்டுப்பாட்டு ஊர்க்கா” என்றேன்.

சுற்றிய கை நின்றது.
“யாரு போட்டது?”

இல்லை, அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று
நான் இழுப்பதற்குள்
அவள் எங்கோ போய்விட்டாள்.
அவள் அண்ணன் வேறு ஆளுங்க பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த வருஷம்
இந்த வீட்டோடு யாரும் பேசவில்லை.
குழாயில் குடம் வைக்கக்கூடாது. கடையில் உப்பு கிடையாது.
ஏழு மாசம்.
“அதுக்காச்சும் ஒரு காரணம் சொன்னானுங்க.”

காரணமே இல்லை அக்கா, அதுதான் இதில் விசேஷம்.
அறுபது ஊரைக் கம்ப்யூட்டரில் போட்டுக் குலுக்கினார்கள்.
முப்பதுக்குப் பணம்.
முப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது,
பணத்தால் என்ன ஆச்சு என்று தெரிய வேண்டுமே.

“குலுக்கலா?” முகம் தெளிந்துவிட்டது.
இருபது பேர் சீட்டு நடத்துகிறவள் அவள்.
“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா.
எங்க ஊருக்கு எத்தினியாவது மாசம் உழும்?”

விழாது என்று சொல்ல
நெடுநேரம் ஆயிற்று எனக்கு.

“சீட்டு குலுக்குறது முன்ன யாரு பின்ன யாருங்கறதுக்கு.
உனக்கே இல்லன்னு சொல்லவா குலுக்குவாங்க?”
சொல்லிவிட்டு அடுத்த இலையை வெட்டினாள்.
‘மற்றவை’யில் அதைத் தட்டச்சு செய்தேன்.
எழுத்து அதிகம் என்று டேப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

போன வாரம் கட்டுரையின் வரைவு வந்தது.
களப்பணியாளர்களுக்கு நன்றி, பெயர்கள் இல்லாமல்.
மூன்றாம் அட்டவணை, கடைசி வரி, கட்டுப்பாட்டுச் சராசரி.
கெங்கம்மாவை அதிலிருந்து கழித்துப் பார்த்தேன்,
இரண்டாம் தசமம் கொஞ்சம் நகர்ந்தது.
தெரிந்த ஒருத்தி என்பதால்
அன்று அவள் மாச வருமானத்தில்
அந்த நூறு பீடி இலையின் விலையைக் கழித்துத்தான் போட்டிருந்தேன்.
விதிப்படி அது தப்பு.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் சீட்டில் நானும் சேர்ந்திருக்கிறேன்,
மாசம் ஆயிரம், இரண்டு வீட்டுச் சம்பளத்தை விழுங்கிவிட்டு
மூன்றாவது எங்கே என்கிற ஆயிரம்.
இது பன்னிரண்டாவது மாசம்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் எட்டுப் பெயர் மிச்சம்.
கெங்கம்மா குலுக்குகிறாள்.